ஐந்து கல்லூரிப் பெயர்களோடு எழுதிய தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஐந்து பொறியியல் கல்லூரிகளின் பெயரை எழுதி, "இதில் எது நல்ல கல்லூரி, ஒன்றைச் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்துமே தனியார் கல்லூரிகள். ஐந்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கல்லூரிப் பேருந்து உண்டு. மகளின் கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு 171.5. அவளுக்கு ஈசிஇ, அதாவது மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல், படிக்க ஆசை. அவள் சித்தப்பாவோ கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறெதையும் எடுக்கக் கூடாது என்கிறார். விடுதிச் செலவு தாங்காது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இத்தனைக்கும் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசு மகளிர் பள்ளியில் படித்தாள்.

அந்த வரியைப் படித்ததும் மற்றதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதற்குத் தனித் தரவரிசை. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. போதாக்குறைக்கு, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். விண்ணப்பத்தில் இந்த விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் மாணவர் சேர்க்கைச் சேவை மையத்துக்குப் போய்ப் பாருங்கள். பேருந்து வருகிற கல்லூரிகளை மட்டும் நீங்கள் எழுதியது பணக் கவலையால்தான் என்றால், அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

பேருந்து என்றதும் ஒரு கணக்கு. ஒரு பக்கப் பயணம் ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். போக வர மூன்று மணி நேரம். செமஸ்டருக்கு 90 வேலை நாள், எட்டு செமஸ்டர் என்று வைத்தால் 2,160 மணி நேரம். முழு நாள்களாக மாற்றினால் 90 நாள், இரவும் பகலுமாக, பேருந்து இருக்கையிலேயே. காலை ஆறேகாலுக்கு ஏறி மாலை ஆறரைக்கு இறங்குகிற பிள்ளை இரவு ஒன்பதுக்குப் புத்தகத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிடுவாள். மாலையில் ஆய்வகத்தைத் திறந்து வைத்திருக்கிற கல்லூரியாக இருந்தாலும் அதனால் அவளுக்குப் பயனில்லை, பேருந்து காத்திருக்காது.

பெண் பிள்ளையை வெளியூருக்கு எப்படி அனுப்புவது என்ற தயக்கமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் தயக்கத்தை வீட்டில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. அவள் அம்மாவும் அவளும் விடுதிக்கு நேரில் போகட்டும். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, காய்ச்சல் வந்தால் யார் மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள், ஞாயிறு இரவு என்ன சாப்பாடு என்று அங்கிருக்கும் பெண்களிடம் கேட்கட்டும். காப்பாளர் பக்கத்தில் நிற்காத நேரமாகப் பார்த்துக் கேட்க வேண்டும்.

கல்லூரியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அறிமுக விழா நாளில் போகாதீர்கள். அன்று எல்லாக் கல்லூரியும் கல்யாண வீடு. சாதாரண வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லாமல், காலை பதினொரு மணிக்குப் போங்கள். சேர்க்கை அலுவலகத்தில் குளிர்சாதன அறையும் ரோஜாப்பால் குப்பியும் கிடைக்கும். குடித்துவிட்டு, "ஈசிஇ துறையைப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பெற்றோருடன் நான் போன கல்லூரியில், மின் அலைகளைத் திரையில் காட்டும் சிஆர்ஓ கருவிகள் வரிசையாக உறை போட்டு இருந்தன. உறையின் மேல் விரலை வைத்தால் தடம் விழுந்தது. பக்கத்தில் கிடந்த பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து நான்கு மாதம் பழையது. அதே வாரம் பார்த்த இன்னொரு கல்லூரிக்குக் கட்டடம் சுமார்தான், வாசலில் நீரூற்று கிடையாது. ஆனால் ஆய்வக மேசையெல்லாம் சால்டரிங் சூட்டில் கருகிக் கிடந்தது. இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு சர்க்யூட்டை வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், தப்பு யாருடையது என்று. அந்தப் பெற்றோரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கூட வந்த பையனே முடிவு செய்துவிட்டான்.

நீங்கள் பார்க்கப் போகும் கல்லூரியிலும் ஒரு மணி நேரம் வாசல் டீக்கடையில் இருந்துகொள்ளுங்கள். மகள் தனியாக மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் பேசட்டும். அப்பா பக்கத்தில் நின்றால் இரு தரப்பும் உண்மை பேசாது. இந்தத் துறையில் பாடம் நடத்துகிறவர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்ற ஒரு கேள்வியை அவள் மறக்காமல் கேட்டால் போதும்.

இனி விளம்பரப் பலகை விவகாரம். "96 சதவீதம் வேலைவாய்ப்பு" என்று புறவழிச்சாலையெங்கும் நிற்கிறது. எத்தனை பேரில் 96 என்று யாரும் சொல்வதில்லை. அரியர் இல்லாமல், வேலைக்குப் பெயர் கொடுத்து, தகுதி பெற்றவர்களை மட்டும் எண்ணினால் எந்தக் கல்லூரியும் 96 காட்டலாம். அதிகபட்சச் சம்பளம் என்று கொட்டை எழுத்தில் வருவதும் ஒரே ஒரு பிள்ளை வாங்கியதாக இருக்கலாம். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் கலந்துகொள்ளும் கல்லூரிகள் தங்கள் விவரங்களை இணையத்தில் வெளியிட வேண்டும். அந்த ஆவணத்தைத் தேடி எடுங்கள். முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவதுதான் இடைநிலைச் சம்பளம். உதாரணத்துக்கு 240 பேர் சேர்ந்து, 150 பேர் காலத்தில் முடித்து, 110 பேருக்கு வேலை என்றால், சேர்ந்தவர்களில் பாதிக்கும் குறைவு. இது கல்லூரி தானே கொடுத்த கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். நாக் என்ற தேசிய மதிப்பீட்டு அமைப்பின் தரச்சான்று கல்லூரி முழுவதற்கும் உரியது. என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனியாக வருவது. ஈசிஇ-க்கு என்பிஏ இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்துத் துறைக்கு இருந்து உங்களுக்கு ஆவதென்ன?

சித்தப்பாவுக்கு என் பதில் சுருக்கமானது. பெரிய மென்பொருள் நிறுவனங்கள் எல்லாத் துறை மாணவர்களையும் எடுக்கின்றன. பிடித்து ஈசிஇ படித்த பெண் மென்பொருள் பக்கம் போகலாம். பிடிக்காமல் கம்ப்யூட்டர் சயின்ஸில் உட்கார்ந்து அரியர் வைத்திருக்கும் பிள்ளைக்கு எந்தப் பக்கமும் எளிதில்லை. அவள் இதுவரை ஒரு வரி நிரல்கூட எழுதிப் பார்த்ததில்லை என்றால், ஈசிஇ தான் வேண்டும் என்பதையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். இரண்டு துறையின் இரண்டாம் ஆண்டுப் பாடத்திட்டத்தையும் அவள் ஒருமுறை படிக்கட்டும்.

இணையவழிக் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியும் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு கல்லூரியும் உங்கள் பட்டியலில் இல்லை. கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். பெரிய கல்லூரியை மேலே வைத்தால் வாய்ப்பு வீணாகும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படி எதுவும் இல்லை. அவள் தரவரிசை வரும்போது கணினி முதல் விருப்பத்தைப் பார்க்கும். அங்கே இடம் இல்லையென்றால் இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று இறங்கும். மேலே எழுதியது கிடைக்காததால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. ஆனால் பட்டியலில் எழுதாதது எந்நாளும் கிடைக்காது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதால் சிக்கனம் தேவையில்லை. போன ஆண்டு எந்தப் பிரிவுக்கு எந்த மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்ற பட்டியலை வைத்து, ஆசைப்படுவதை மேலேயும், எப்படியும் கிடைக்கும் என்று தோன்றுவதைக் கீழேயும் எழுதுங்கள். கிடைத்தாலும் சேர மாட்டாள் என்ற கல்லூரியை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இதற்கிடையே யாராவது வீட்டுக்கு வந்து, இடத்தை உறுதி செய்து தருகிறேன், முன்பணமும் அசல் சான்றிதழும் கொடுங்கள் என்பார். அந்த ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு உண்டு. காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது, தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏஐசிடிஇ-யின் விதி. நடைமுறையில் ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப வாங்க எத்தனை நடை என்பதைக் கொடுத்தவர்களிடம் கேளுங்கள்.

பட்டியலை மகளே தட்டச்சு செய்யட்டும். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. என்னிடம் வந்த ஒரு பையன் பெயரை மட்டும் பார்த்து எண்ணைக் கவனிக்காமல் விட்டுவிட்டான். பக்கத்து ஊர்க் கல்லூரி என்று நினைத்தது நான்கு மாவட்டம் தள்ளி இருந்தது. அதனால் பட்டியலை இனி மாற்ற முடியாதபடி இணையத்தில் பூட்டுவதற்கு முன் அவள் எண்ணைச் சத்தமாக வாசிக்க, நீங்கள் தாளில் ஒவ்வொன்றாகச் சரி பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு வேண்டாம், காலையில் செய்யுங்கள். வரிசையில் சந்தேகம் வந்தால் பூட்டும் முன் எனக்கு எழுதுங்கள். பூட்டிய பிறகு எழுதினால் என்னால் வருத்தப்பட மட்டும்தான் முடியும்.