ஜோடி பிரியாத பறவையைச் சுடுவது தவறா?

கனடா வாத்து ஆயுளுக்கும் ஒரே துணையோடு வாழ்வதால் அதைச் சுடுவது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். துணையை இழந்தது ஏங்கியே செத்துவிடும் என்பது உண்மையல்ல. பெரும்பாலும் வேறு ஜோடி சேர்ந்துகொள்ளும். அதற்காக இழப்பே இல்லை என்றும் ஆகாது. விழுந்த துணையைத் தேடிக் கூவிக்கொண்டு அதே இடத்தைச் சுற்றி வருவதுண்டு. அப்படித் திரும்பி வருவதைக் குறிவைப்பது, சட்டம் அனுமதித்தாலும், எனக்கு ஒப்பவே இல்லை.

எப்போது சுடுகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. பெட்டை மட்டுமே 25 முதல் 28 நாள் அடைகாக்கும். ஆண் பக்கத்தில் நின்று காவல் காக்கும். அப்போது ஒன்று செத்தால் கூடே பாழாகலாம். அமெரிக்காவில் மார்ச் 10க்கும் செப்டம்பர் 1க்கும் இடையே பொதுவாக வேட்டை இல்லை. ஆனால் குஞ்சுகள் முதல் குளிர்காலத்திலும் பெற்றோருடனேதான் இருக்கும்; அதனால் அனுமதித்த காலத்தில் சுட்டாலும் குடும்பம் பிரியலாம்.

காயத்தோடு தப்பும் பறவைகள் இன்னும் மோசமான விஷயம். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுக்கு 1991 முதல் அங்கே தடை. அதற்குப் பதிலாகப் பயன்படும் எஃகுக் குண்டு எடை குறைவு, வேகம் சீக்கிரம் தணியும். 40 கெஜத்துக்கு மேல் சுட்டால் பல பறவைகள் அடிபட்டும் பறந்துவிடும். கூட்டத்தைப் பார்த்துச் சுடாமல் ஒன்றையே குறிவையுங்கள். விழுந்ததைக் கையில் எடுத்த பிறகே அடுத்தது.

அங்கே வேட்டையாடப்படும், யாரும் இரக்கப்படாத மோர்னிங் புறாவையும் (mourning dove) யோசியுங்கள். தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாத்து, தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற உணவை ஊட்டி வளர்க்கும். வேட்டை தொடங்கும் செப்டம்பரிலும் சில கூடுகளில் குஞ்சு இருக்கும்.