நாற்காலியை யார் நகர்த்துவது? அரங்க வடிவமைப்பு பற்றிய கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் மேடைத் தொழில்நுட்ப வேலையில் இருப்பவன் என்ற முறையில், நம் நாடக, நடன நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள்.

தெம்பனிஸ், நாடகக் குழுச் செயலாளர்: அண்ணே, பிளாக் பாக்ஸில் (நிலையான மேடை இல்லாத, கறுப்புச் சுவர் கொண்ட வெற்று அரங்கு) இருக்கைகளை எப்படி வேண்டுமானாலும் போடலாம் என்கிறார்கள். நாங்கள் ஏனோ எப்போதும் ஒரே மாதிரிதான் போடுகிறோம்.

வாடகைதான் காரணம். வாடகைக்கு எடுத்த அரங்கில் செட், விளக்கு எல்லாம் ஏற்றும் பம்ப்-இன் நாளில் பாதியை நாற்காலி தின்றுவிட்டால் விளக்கு ஃபோகஸ் எப்போது, ஒத்திகை எப்போது? இது உங்கள் சோம்பேறித்தனம் இல்லை. அமெரிக்காவின் டாலஸ் நகர நாடகக் குழு ஒன்றுக்கு முன்பு கொட்டகை மாதிரி ஓர் அரங்கு இருந்தது. இருக்கைகளை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மாற்றும் செலவு தாங்காமல், கடைசியில் ஒரே அமைப்பில் நிறுத்திவிட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 2009இல் திறந்த வைலி தியேட்டர். ஆகவே அரங்கைக் காட்ட வருபவரிடம் "மாற்ற முடியுமா" என்று கேட்காதீர்கள். மாற்ற எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

கட்டடக்கலை மாணவர், பலதுறைத் தொழிற்கல்லூரி: சார், அந்த நேரத்தைக் கட்டடமே குறைக்க முடியுமா?

முடியும். வைலியில் முகப்புக்கூடம் அரங்குக்குக் கீழே, மற்ற அறைகள் மேலே. மேடையைச் சுற்றி வழக்கமாகப் பரப்புவதை மேலும் கீழும் அடுக்கிவிட்டதால், இருக்கைகளை இயந்திரத்தால் மேலே தூக்க முடிகிறது. நம் ஊரில் 2022இல் திறந்த சிங்டெல் வாட்டர்ஃபிரண்ட் தியேட்டர், எஸ்பிளனேட் கலை மையத்தில் சுமார் 550 இருக்கையோடு, பல அமைப்புகளுக்கு மாறுவதற்கென்றே கட்டியது. போய்ப் பாருங்கள்.

உங்கள் வரைபடத்தில் முதலில் கூரையைக் கவனியுங்கள். முறுக்கிய எஃகுக் கம்பிகளை வலையாக இழுத்துக் கட்டி, அதன் மேல் ஆள் நடக்கும்படி செய்தால், மேடை எந்த மூலைக்குப் போனாலும் விளக்கை நேர் மேலே கொண்டுபோய் மாட்டலாம். ஏணி வேண்டாம். உள்ளே தள்ளி மடக்கும் இருக்கைகள் வசதிதான், ஆனால் மலிவானதை வாங்கினால் ஒருவர் எழுந்து போகும்போது வரிசையே ஆடும். அப்புறம், மாணவர்கள் தவறாமல் மறக்கும் ஒன்று: ஒவ்வோர் இருக்கை அமைப்புக்கும் தீ விபத்தில் வெளியேறும் வழி சரியாக இருக்க வேண்டும். அழகாக வரைந்த ஐந்து அமைப்பில் மூன்று இங்கேதான் அடிபடும்.

ஈசூன், பரதநாட்டிய ஆசிரியை: தரை?

சிமெண்ட் மேல் நேரடியாக வினைல் விரித்த தரையில் பிள்ளைகளை ஆடவிடாதீர்கள் டீச்சர், முழங்கால் போய்விடும். ரப்பர் அட்டை மேல் மரச்சட்டம், அதன் மேல் பலகை என்று அடுக்கிய தரை கேளுங்கள். ஆனால் உள்ளே வெற்றிடம் அதிகமானால் தட்டடவில் கால் தட்டுவது பறை மாதிரி முழங்கி நட்டுவாங்கத் தாளத்தை விழுங்கும். மாணவி ஒருவரை ஆடவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மிருதங்கக் கலைஞர்: பின்னறையில் சேர்த்த சுருதி மேடையில் நிற்பதில்லை.

பின்னறை புழுக்கம், மேடையில் ஏசி, மேலே விளக்குச் சூடு. தோல் காய்ந்து இறுகினால் சுருதி ஏறத்தான் செய்யும். இசைக்கருவி அறைக்கும் மேடைக்கும் ஒரே ஈரப்பதம் இருக்கும்படி வடிவமைக்கச் சொல்ல வேண்டும். இதைக் கேட்கும் ஆள் இல்லாததால் யாரும் செய்வதில்லை.

உட்லண்ட்ஸ், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: தம்பி, இதெல்லாம் நம்மிடம் இல்லாததா?

இருந்தது ஐயா. தெருக்கூத்தில் மூன்று பக்கமும் ஆள் உட்கார்வார்கள். 2019இல் ஃபூனான் கடைத்தொகுதியில் வைல்ட் ரைஸ் நாடகக் குழு திறந்த 358 இருக்கை அரங்கிலும் மேடையின் மூன்று பக்கமும் பார்வையாளர்கள்தான். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மேடைக்கு (கோல் என்பது அந்தக் கால அளவு) ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூணின் நிழல் விழாதபடி விளக்கு வைத்ததும் அதில் வருகிறது. நிழலைக் கவனித்தவர் யாரோ, அவர் என் கட்சி.

சிராங்கூன்: கடைத்தொகுதி மாடியில் சிறிய அரங்கு எடுக்க நினைக்கிறோம். முதலில் எதைப் பார்ப்பது?

சரக்கு மின்தூக்கி. அளவுநாடாவோடு போங்கள். ஒருமுறை நாங்கள் மேடைக்குச் செய்த கோபுர வாசல் மின்தூக்கிக்குள் நுழையாமல், வாகன நிறுத்துமிடத்திலேயே இரண்டாக அறுத்தோம்.