சிங்கப்பூரில் பிள்ளைக்கு இப்போது சிபிஎஸ்இ (இந்தியப் பாடத்திட்டத் தனியார் பள்ளி), நான்காம் வகுப்பில் அரசுப் பள்ளி: சரிவருமா?

வரிசையை மாற்றுங்கள். நீங்கள் நிரந்தரவாசி என்பதால் அரசுப் பள்ளியில் தொடக்கநிலை 1-க்கு (முதல் வகுப்பு) இப்போதே பதிவு செய்யுங்கள். பிறகு வேண்டுமானால் சிபிஎஸ்இ-க்குப் போகலாம். நடுவில் அரசுப் பள்ளிக்குள் வர அந்த வகுப்பில் காலியிடம் வேண்டும். அதை நம்பி இறங்காதீர்கள்.

இடையில் வரும் பிள்ளை சிக்குவது பெரும்பாலும் கணக்கில். ‘அண்ணனிடம் தம்பியைவிட 3 மடங்கு கோலிகள், மொத்தம் 48’ என்றால் இங்கே நான்கு சமக் கட்டம் போட்டு, 48-ஐ நாலால் வகுத்து, தம்பிக்கு 12 என்பார்கள். அந்தப் பழக்கம் இல்லாத பிள்ளை விடையை ஊகிக்கும். இரண்டாம் மொழியாக இந்தி எடுத்திருந்தால் தமிழும் சேர்ந்து இடிக்கும்.

ஒன்மேப் என்ற அரசு இணைய வரைபடத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டு 1 கி.மீ.க்குள் உள்ள பள்ளிகளைக் குறியுங்கள். போன ஆண்டு 2சி கட்டத்தில் (பள்ளியோடு முன்தொடர்பு இல்லாதவர்கள் பதிவு செய்யும் சுற்று) குலுக்கல் நடந்ததா, தமிழ் அங்கேயே உண்டா, வேறு மையத்துக்கு அனுப்புவார்களா என்று பாருங்கள்.

ஒன்று: ஒரே பதிவுக் கட்டத்தில் 2 கி.மீ.க்கு அப்பால் உள்ள குடிமக்கள் பிள்ளைக்கும் பிறகுதான், பள்ளி வாசலிலேயே குடியிருக்கும் நிரந்தரவாசி பிள்ளைக்கு இடம். அதனால் குலுக்கல் நடந்த பள்ளியை விட்டுவிடுங்கள். பிள்ளைக்குக் குடியுரிமை கிடைத்தால் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தும். அப்போது தனியார் பள்ளிக்குக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும். இரண்டே ஆண்டில் ஊர் திரும்புவதாக இருந்தால் மட்டும் சிபிஎஸ்இ.