ஸ்டாண்ட்பை கூலிங் டவரில்தான் ஆபத்து

கேள்வி: எங்கள் அலுவலக மொட்டை மாடியில் ஏ.சி.க்கான நீரைக் குளிர்விக்கும் இரண்டு கூலிங் டவர்கள். ஒன்று ஓடும், மற்றது ஸ்டாண்ட்பை. வாரம் ஒருமுறை குளோரின் ஊற்றுகிறோம். லெஜியோனெல்லா பாக்டீரியா வராமல் தடுக்க இது போதுமா?

பதில்: போதாது. எனக்கு முதல் கவலை அந்த ஸ்டாண்ட்பை டவர்தான். லெஜியோனெல்லா 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரில் பெருகும். மொட்டை மாடியில் தேங்கிக் கிடக்கும் நீருக்கு வேறென்ன வெப்பநிலை இருக்கப்போகிறது? நீங்கள் ஊற்றும் குளோரின் ஓடுகிற நீரோடு மட்டுமே சுற்றும். நின்றுபோன தொட்டிக்கும் அதன் குழாய்க்கும் எட்டாது. ஒருநாள் அந்த டவரை ஓடவிட்டால், அங்கே வளர்ந்ததெல்லாம் நுண்சாரலாகக் காற்றில் கலந்துவிடும். அதைச் சுவாசிப்பதால்தான் கடுமையான நிமோனியா வருகிறது. அதனால் இரண்டு டவர்களையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். நீண்ட நாள் தேவைப்படாது என்றால் நீரை வடித்து உலரவிடுங்கள். மறுபடி ஓட்டும் முன் கழுவிக் கிருமிநீக்கம் செய்யுங்கள்.

அப்புறம், வாரம் ஒருமுறை கையால் ஊற்றும் குளோரின் சீக்கிரமே தீர்ந்துவிடும். நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். 8-ஐத் தாண்டினால் அதன் வீரியமும் குறையும். அளவாகத் தொடர்ந்து குளோரின் செலுத்தும் டோசிங் பம்ப் வையுங்கள். தொட்டிச் சுவரில் வழவழவென்று படலம் படிந்திருந்தால், அந்தப் படலத்துக்குள் கிருமி பத்திரமாக இருக்கிறது என்று பொருள். அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

2015 கோடையில் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் ஒரு ஹோட்டலின் கூலிங் டவரிலிருந்து பரவிய இந்த நோயால் 138 பேர் பாதிக்கப்பட்டு, 16 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அருகிலுள்ள மாரிஸ் பார்க்கில், சில வாரங்களுக்கு முன்பு கிருமிநீக்கம் செய்த டவர்களிலேயே லெஜியோனெல்லா மறுபடி வளர்ந்திருந்தது. ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சாரலைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் தகடுகள் உடையாமல், இடைவெளி இல்லாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். மொத்த பாக்டீரியா எண்ணிக்கை குறைவு என்ற ரிப்போர்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். லெஜியோனெல்லாவுக்குத் தனிப் பரிசோதனை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். பிரிட்டன் வழிகாட்டுதலின்படி லிட்டருக்கு 1,000 காலனிகளை (பரிசோதனையில் வளரும் கிருமித் திட்டுகளை)த் தாண்டினால் உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

டவரைக் கழுவும் ஊழியர்களை மறந்துவிடாதீர்கள். ஃபேனை நிறுத்திய பிறகே அவர்கள் இறங்கட்டும், அதுவும் சரியான சுவாசக் கவசத்தோடு. பிரஷர் ஜெட் கிளப்பும் சாரலை முதலில் சுவாசிப்பவர்கள் அவர்கள்தான். அடுத்த இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால், கூலிங் டவரில் வேலை செய்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.