‘ஒரு செட் மாத்திரை’: பேர் தெரியாத மருந்துக்குப் பணம் எதற்கு?

கேள்வி: அண்ணாச்சி, நான் முக்கூடல் பக்கம் பீடி சுத்துறவ. காலையிலிருந்து தட்டை மடியில் வைத்துக் குனிந்தே இருப்பதால் இடுப்பும் பிடரியும் கடுத்துவிடுகிறது. மெடிக்கலில் ‘வலிக்கு ஒரு செட்’ என்று கேட்டால் நாலைந்து மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். போட்டால் கொஞ்ச நேரத்தில் கேட்கிறது. ஆனால் வாரத்தில் ரெண்டு மூணு தடவை வாங்க வேண்டியிருக்கிறது. இப்போது முகம் ஊதின மாதிரி இருப்பதாக மகள் சொல்கிறாள். பில் கேட்டால், “முப்பது ரூபாய்க்கு எதுக்கு பில்லு” என்கிறார்கள்.

பதில்: பில்லை அப்புறம் பார்ப்போம் அக்கா, முகம் ஊதியதுதான் அவசரம். உங்கள் கவரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. செட் மாத்திரையில் உள்ள கோளாறே அதுதான். வழக்கமாக ஒரு பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று இருக்கும். சில கடைகளில் இதோடு ஒரு சின்ன ஸ்டீராய்டு மாத்திரையும் சேரும். உடனே கேட்பதற்கும் நன்றாகப் பசிப்பதற்கும் பல சமயம் காரணம் அந்தச் சின்ன மாத்திரைதான். அதையே மாதக்கணக்கில் போட்டால் முகம் உருண்டையாகும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு பலம் குறையும். வலி மாத்திரையும் லேசுப்பட்டதல்ல. தொடர்ந்து போட்டால் குடல் புண்ணில் கொண்டுபோய் விடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அதற்காக இன்றைக்கே எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பல நாள் ஸ்டீராய்டு போட்ட உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் மயக்கம் வரை போகலாம். மிச்சமிருக்கும் மாத்திரைகளைக் கவரோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, பீடி அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் சர்க்கரையும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்து, பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் வீடு தேடி வந்து பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஆட்கள் வந்தால் இடுப்பு வலிக்கு பிசியோதெரபி உண்டா என்று கேளுங்கள். அந்தத் திட்டத்தில் அதுவும் உண்டு. ஒரே இருப்பாக இருக்காமல் மணிக்கு ஒரு தடவை தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நடந்தாலே பாதி வலி குறையும். கூலி எண்ணிக்கைக்குத்தான் என்பதால் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி கடைக்கு வருவோம். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கவரில் உதிரியாகப் போட்டால் கோடும் தெரியாது, பேரும் தெரியாது, தேதியும் தெரியாது. பில் எத்தனை ரூபாய்க்கு வாங்கினாலும் உண்டு. பில் தர மறுப்பது 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் சொல்லலாம். மருந்து ஆய்வாளருக்கும் எழுதலாம்.

காய்ச்சலுக்கு செட் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருந்தால், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். பெரியவர்கள் 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரையை ஆறு மணி நேர இடைவெளியில் போடலாம். ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டினால் ஈரல் கெடும். ஈரல் கோளாறு உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் அந்த அளவு வரை போகவே கூடாது. சளிக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவது வீண் செலவு. சாதாரண சளி வைரஸால் வருவது, அதற்கு அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது.

கேள்வி: பேரனுக்கு ரெண்டு வயது, வயிற்றாலை போகிறது. ஓ.ஆர்.எஸ். கேட்டேன், ஆரஞ்சு ருசியில் அட்டை டப்பா ஒன்றைத் தந்தார்கள். அதைக் குடித்த பிறகு இன்னும் கூடப் போகிறது. டப்பா தப்பா, நான் கொடுத்த முறை தப்பா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: டப்பாதான். உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓ.ஆர்.எஸ். கலவையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம் இருக்க வேண்டும். இந்த அளவு ஒன்றுக்கொன்று சரியாக இருந்தால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். கடையில் தந்த ருசிப் பானங்களில் சர்க்கரை பல மடங்கு, உப்பு கொஞ்சம். சர்க்கரை கூடினால் தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்கு வரும், போக்கும் கூடும். ‘இது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை அல்ல’ என்று டப்பாவிலேயே பொடி எழுத்தில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே வரக் கூடாது என்று உத்தரவிட்டது. உங்களிடம் உள்ள டப்பாவில் அந்தச் சொல் இருந்தால் படம் எடுத்து உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் செய்யுங்கள்.

வாங்க வேண்டியது தூள் பாக்கெட். அதில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சிட்டிருக்கும். 20.5 கிராம் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கொட்டிக் கலக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது, அது ஆபத்து. கலக்கியது 24 மணி நேரத்துக்குத்தான். ஒவ்வொரு தடவை போன பிறகும் 100 மில்லியிலிருந்து 200 மில்லி வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. கூடவே துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், போக்கு நின்றாலும் 14 நாள். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும். சாப்பாட்டை நிறுத்தாதீர்கள், குழைந்த சோறும் மோரும் கொடுக்கலாம். ரத்தம் கலந்து போனாலோ, கண் குழிந்தாலோ, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாவிட்டாலோ உங்கள் ஊர் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: முதல்வர் மருந்தகத்தில் பிரஷர் மாத்திரை பாதிக்கும் கீழான விலையில் கிடைக்கிறது. வீரியம் குறைவாக இருக்குமோ? (அம்பாசமுத்திரம்)

பதில்: இருக்காது. பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் வைத்து மருந்தின் பொதுப்பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் மருந்தும் ஒன்று. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்துக்கும் இதே பதில்தான். வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஆகியவற்றுக்கு மட்டும் கம்பெனி மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சாரல் சமயத்தில் குற்றாலம் போனபோது, மலை மூலிகைச் சூரணம் சாப்பிட்டால் 48 நாளில் சர்க்கரை மாத்திரையை விட்டுவிடலாம் என்று ஒருவர் விற்றார். 1,200 ரூபாய் கொடுத்தேன். டப்பாவில் ஒரு சாமி படமும் செல் நம்பரும்தான் இருக்கிறது. பணம் திரும்புமா? (சங்கரன்கோவில்)

பதில்: சிரமம்தான். சாரல் முடிந்தால் கடையும் இருக்காது, நம்பரும் எடுக்காது. செல்போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்த விவரத்தை வைத்து 1915இல் புகார் பதியலாம். சர்க்கரை வியாதியைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

பணத்தைவிட முக்கியம், நீங்கள் மாத்திரையை நிறுத்தியிருக்கக் கூடாது. நிறுத்தியிருந்தால் நாளைக்கே சர்க்கரை பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள். பேரில்லாத பொடிகளில் இங்கிலீஷ் மாத்திரையை அரைத்துக் கலப்பதும் உண்டு. அப்போது சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

சித்த மருந்தைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாளையங்கோட்டையில் 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது, அங்கே வெளிநோயாளிகளையும் பார்க்கிறார்கள். முறையான நிலவேம்புக் குடிநீர்ச் சூரணப் பாக்கெட் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கும் எழுதியிருக்கும். தயாரிப்பு உரிம எண், தொகுதி (பேட்ச்) எண், காலாவதி தேதியும் இருக்கும். அருவிக்கரை டப்பாவில் இதில் ஒன்றுகூட இல்லை.

கேள்வி: பத்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும் கேட்டால் தேதி இல்லாத பக்கமாக வெட்டித் தருகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் எப்போது காலாவதி என்று எப்படித் தெரியும்? (மேலப்பாளையம்)

பதில்: வெட்டுவதற்கு முன் அட்டையைக் கையில் வாங்கி, தேதியையும் தொகுதி எண்ணையும் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அந்தத் தொகுதி எண்ணும் தேதியும் பில்லில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். காலாவதியான மாத்திரையைத் தந்திருந்தால் மாத்திரையையும் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொண்டு மருந்து ஆய்வாளரிடம் கொடுங்கள். இழப்பீடு வேண்டுமென்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம்.