கண்காணிப்பு டேட்டாபேஸில் நடுவில் சில மணி நேர டேட்டா மட்டும் காணவில்லை. எங்கே தேடுவது?

இடைவெளி எவ்வளவு நேரம் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதை அளந்து பாருங்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் உங்கள் டேட்டா பெரும்பாலும் தொலையவில்லை, நேரம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

மாதவரம் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கு. அறைகளின் வெப்பநிலையை ஒரு சின்னப் பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். பெருங்குடி அலுவலகத்தில் இன்ஃப்ளக்ஸ்டிபி 1 என்ற டேட்டாபேஸில் சேமித்து, கிராஃப் வரைந்து காட்டும் கிராஃபானாவில் பார்ப்போம். நான் அங்கே காண்ட்ராக்டில் நைட் ஷிஃப்ட். ஒரு ராத்திரி 12.10-க்குக் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. அதிலிருந்து கிராஃப் வெறுமையாகிவிட்டது. 5.40-க்குத் தானாகத் திரும்பி வந்தது.

காலையில் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி யார் டியூட்டி?" 12.20-க்கே நான் போன் செய்து, வாட்ச்மேன் அண்ணன் கதவருகே இருக்கும் டிஸ்ப்ளேயைப் பார்த்து மைனஸ் 19 என்று சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். யாரும் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மதியத்துக்குள் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றார்கள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. தினமும் காலை 6 மணிக்கு லோடு ஏற்றக் கதவு திறக்கும், கிராஃப் சட்டென்று மேலே ஏறும். அன்றைக்கு அந்த ஏற்றம் 11.30-இல் வந்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன். "லோடு ஆறு மணிக்கே போயிடுச்சுப்பா" என்றார். அப்போதுதான் பிடிபட்டது.

பெட்டியின் உள் கடிகாரத்தில் யாரோ எப்போதோ இந்திய நேரத்தை வைத்திருக்கிறார்கள். ரீபூட் ஆனதும் பெட்டி அதையே யூடிசி (உலகப் பொது நேரம், இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் குறைவு) என்று எடுத்துக்கொண்டது. நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியை ஃபயர்வால் தடுத்திருந்தது. அதனால் ஒவ்வொரு பாயிண்டும் (ஒரு நேரத்தில் எடுத்த ஓர் அளவு) ஐந்தரை மணி நேரம் தள்ளி, எதிர்காலத்தில் போய் விழுந்தது. டேஷ்போர்டு 'இப்போது' வரைதான் காட்டும். இன்ஃப்ளக்ஸ்டிபியிடம் டேட்டா கேட்கும் மொழியான இன்ஃப்ளக்ஸ்கியூஎல்லும் நேரவாரியாகத் தொகுக்கச் சொன்னால், மேல் எல்லை கொடுக்காதவரை இப்போதோடு நின்றுவிடும். கிராஃபானாவில் முடிவு நேரத்தை நாளைக்கு மாற்றினேன். அத்தனையும் இருந்தது.

அவசரப்பட்டுக் கடிகாரத்தை மட்டும் திருத்திவிடாதீர்கள். திருத்திய பெட்டி, தப்பான பாயிண்டுகள் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் நேரங்களிலேயே மறுபடி எழுதும். ஒரே மெஷர்மென்ட் (அளவீட்டின் பெயர்), ஒரே டேக் (எந்த அறை என்பது போன்ற அடையாளம்), ஒரே டைம்ஸ்டாம்பில் (நேரக் குறி) புதுப் பாயிண்ட் வந்தால் அதே ஃபீல்டின் (அளந்த எண் இருக்கும் இடம்) பழைய மதிப்பு அழிந்துவிடும். எங்கள் பெட்டி முழு நிமிடத்தில் எழுதுவதால் அந்த ஆபத்து நிச்சயம் இருந்தது. முதலில் எக்ஸ்போர்ட், பிறகு தப்பான பாயிண்டுகளை அழிப்பது, பிறகு கடிகாரம். கடைசியில் ஒவ்வொரு டைம்ஸ்டாம்பிலிருந்தும் 19,800 விநாடியை, அதாவது ஐந்தரை மணி நேரத்தை, குறைத்துத் திரும்ப எழுதினோம்.

புரோமிதியஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு டேட்டாபேஸைச் சொல்லி, 'அதில் இப்படி நடக்காதே' என்று யாராவது சொல்வார்கள். சரி, அங்கே வழக்கமாகச் சர்வரே நேரம் குறிக்கும். அங்கே இடைவெளி என்றால் முதலில் 'அப்' (up) மெட்ரிக்கை, அதாவது சர்வரால் டேட்டாவை எடுக்க முடிந்ததா என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். பழைய டேட்டா காணோம் என்றால், மாற்றாதவரை 15 நாள்தான் வைத்திருக்கும். எல்லா இடைவெளிக்கும் கடிகாரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

மெமோ வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. அடுத்த மாதம் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு மட்டும் நைட் ஷிஃப்ட் கேப் வண்டியை நிறுத்தினார்கள். ராத்திரி 11 மணி ஷிஃப்டுக்கு வேளச்சேரியிலிருந்து மழையில் ஷேர் ஆட்டோ தேடி வருகிறவர்கள் மேல்தான் காலையில் முதல் சந்தேகமும் விழுகிறது. உங்கள் இடத்திலும் ஒரு நைட் ஷிஃப்ட் ஆள் இருந்தால், அவர் நோட்டை முதலில் வாங்கிப் பாருங்கள்.