குரோம் கொப்பளித்த பழைய துத்தநாக வார்ப்புப் பாகங்களுக்கு மறுபடி முலாம் பூச முடியுமா?

முடியும். ஆனால் கொப்புளத்தைத் தேய்த்து மட்டமாக்கிவிட்டு அதன் மேலேயே நிக்கலும் குரோமும் ஏற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள், அப்படிச் செய்தால் நிற்காது. என் பழைய காரின் கதவுக் கைப்பிடிகளுக்கு முதலில் அப்படித்தான் செய்யக் கொடுத்தேன். கைக்கு வந்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மழைக்காலம் போனதும் அதே இடங்களில் அதே கொப்புளங்கள்.

ஊசியால் ஒரு கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள். மேல் ஓடு உடைந்து வெள்ளைத் தூள் உதிரும். முலாமின் நுண்ணிய ஓட்டைகள் வழியாக ஈரம் இறங்கி, துத்தநாகம் அரித்து, அந்தத் தூள் இடம் போதாமல் முலாமைத் தூக்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் குழி பெரும்பாலும் வாய் சிறுத்து வயிறு பெருத்திருக்கும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் அந்த வயிற்றில் தூள் மிச்சம் இருக்கும்.

அதனால் பழைய முலாமை முழுக்க எடுத்தாக வேண்டும். உப்பு அமிலம் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) குரோமைக் கரைக்கும், ஆனால் துத்தநாகத்தை அதைவிட வேகமாகத் தின்னும். காரக் கரைசலில் எதிர்த்திசை மின்சாரம் கொடுத்து குரோமை எடுப்பது பாதுகாப்பு. அப்புறம் பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற சின்ன பர் (சுழன்று குடையும் முனை) வைத்து, ஒவ்வொரு குழியையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை குடைய வேண்டும். ஒரு கைப்பிடிக்கே இரண்டு மாலைப்பொழுதுகள் ஆகின. முழு வேலையின் உயிரே இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. பஃபிங்கில், அதாவது சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவதில் மட்டும் அவசரப்படாதீர்கள். வார்ப்பின் மேல்தோல்தான் கெட்டியானது, அது தேய்ந்து போனால் கீழே உள்ள நுண்துளைகள் வெளியே வந்துவிடும்.

அடுத்து செம்பு. முதல் பூச்சு சயனைடு செம்பாக, அதாவது சயனைடு கரைசலில் ஏற்றும் செம்பாக இருப்பதுதான் வழக்கம். அமிலச் செம்புத் தொட்டியில் நேரடியாக இறக்கினால் துத்தநாகம் கரைந்து, செம்பு ஒட்டாமல் பொடியாகப் படியும். அந்த முதல் பூச்சு ரொம்ப மெல்லியதாக இருந்தாலும் ஆபத்து, நாளடைவில் செம்பு துத்தநாகத்துக்குள் ஊறிப்போகும். அதன்மேல் அமிலச் செம்பைக் கனமாக ஏற்றி, குழிகளைக் குறைந்த சூட்டில் உருகும் சால்டரால் (பற்றவைக்கும் உலோகக் கலவை) நிரப்பி, தேய்த்து, மீண்டும் செம்பு ஏற்ற வேண்டும். சூட்டில் கவனம் தேவை, பாகத்தின் துத்தநாக வார்ப்பு உலோகம் ஏறத்தாழ 380 டிகிரி செல்சியஸிலேயே உருக ஆரம்பித்துவிடும். கடைசியில் நிக்கல், குரோம்.

சயனைடுத் தொட்டியை வீட்டில் வைக்க நினைக்கவே வேண்டாம். அமிலம் கலந்தால் உயிரைப் பறிக்கும் வாயு வரும். குழி குடைவதை நீங்கள் செய்யுங்கள், முலாம் வேலையை உரிய பட்டறையிடம் விடுங்கள். கொடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "குழியைச் செம்புக்கு மேல் சால்டர் வைத்து நிரப்புவீர்களா?" தேய்த்துப் பூசினாலே போதும் என்று சொன்னால், பாகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பாகமே உப்பி, உள்ளுக்குள் வலைபோல விரிசல் விட்டிருந்தால் அது வேறு நோய். ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்த பழைய வார்ப்புகளில் வரும். அதற்கு முலாம் உதவாது, மாற்றுப் பாகம் தேடுங்கள்.